அம்மாயியின் ஒப்பாரியும் ஒரு ராக் பாட்டும்: பந்தலூர் மலையில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் தங்கள் ராக் குழுவின் முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டை, வெளியிட்டார்கள். அந்தப் பாட்டு, குழுவில் ஒருவருடைய அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) பாடிய ஒப்பாரியோடு தொடங்கும். ஊருக்குள் பாட்டு நன்றாகவே போனது. ஆனால் ஒப்பாரிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, கடைசியில் கடல் தாண்டி ஒரு வீட்டில் பெரிய வருத்தத்தை உண்டாக்கியது. பாட்டைத் தளங்களிலிருந்து இறக்கி, மாற்றி, மறுபடி வெளியிட வேண்டியிருந்தது.

நான் கூடலூரில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். இரண்டு பதிப்புகளுக்கும் மிக்ஸிங் செய்தது, அதாவது தனித்தனியாக எடுத்த ஒலிகளைக் கலந்து பாட்டாக்கியது, நான்தான். குழுவும் குடும்பமும் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் வராது. பாட்டி, தாத்தா குரல்களைப் போனில் பிடித்துவைத்து, அதைப் பாட்டாக்க நினைக்கிற பிள்ளைகள் இந்த மலையில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

பின்னணி

பந்தலூர், சேரம்பாடி, தேவாலா பக்கம் தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் அதிகம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு அரசுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976இல் அது தனி நிறுவனமானது. ஊர்க்காரர்கள் டேன்டீ என்பது அதைத்தான்.

அம்மாயி பிறந்தது இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். அவருடைய கணவர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தங்கை வீட்டுக்காரர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். எழுபதுகளின் நடுவில் அம்மாயி கைக்குழந்தையோடு தலைமன்னார் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறினார். அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து லாரியில் பந்தலூர். ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். தங்கையை அதற்குப் பிறகு நேரில் பார்க்கவே இல்லை. மகன், அதாவது பேரனுடைய தாய்மாமா, வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தப் பக்கத்து உறவோடு தொடர்பு வைத்திருக்கிறார். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

குழுவில் கிட்டார் வாசிப்பவர் அம்மாயியின் பேரன். பாடுபவர் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஓய்வு பெற்ற ஒரு சூப்பர்வைசரின் மகன். டிரம்மர் அதே பஜாரைச் சேர்ந்த மலையாளி முஸ்லிம் வீட்டுப் பையன். சில ஆண்டுகள் கல்லூரி விழாக்களிலும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளிலும் மற்றவர்கள் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம பாட்டுன்னு ஒண்ணு வேணும்" என்று அவர்கள் நினைத்தபோது கையில் இருந்தது, பேரனுடைய போனில் கிடந்த ஓர் ஒலிப்பதிவு.

குரல் பதிவான விதம்

ஆடி மழை. பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது, கரண்டும் இருக்காது. அம்மாயி அடுப்படியில் உட்கார்ந்து தங்கையை நினைத்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். பேரன் போனை அரிசி டப்பா மூடியின்மேல் வைத்துப் பதிவுசெய்தார். அம்மாயிக்கு அது தெரியும். "என்னடா அதுல புடிக்கிற?" என்று கேட்டிருக்கிறார். "சும்மா, வச்சுக்கலாம்னு அம்மாயி" என்று இவர் சொல்லியிருக்கிறார். மாதங்கள் கழித்து, "நீ பாடினத எங்க பாட்டுல போட்டுக்கவா?" என்று கேட்டபோது, "போட்டுக்க" என்றார். அனுமதி என்று குழு சொன்னது இந்த ஒரு சொல்லைத்தான்.

ஒப்பாரியில் இரண்டு வரிகளை இங்கே எழுத அம்மாயி சம்மதித்தார்:

"கோச்சி ஏறி நான் வந்தேன், கூடவர நீயில்லையே;
கூப்பிட்டாக் கேக்காத தூரத்துல கொழுந்து மலை நின்னுருச்சே."

அதற்கடுத்த வரியில் தங்கையின் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் வரும். பெயர் சொல்லி அழைத்து அழுவது ஒப்பாரியின் வழக்கம். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரியா என்று இப்போது படிப்பவர்களுக்குத் தோன்றலாம். மலையகத்தில் அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. தலைமன்னார் போகும் ரயிலடியில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர். இனிப் பார்க்கவே போவதில்லை என்ற பிரிவை அவர்கள் சாவுக்குச் சமமாகத்தான் அழுதார்கள்.

குரலைத் தொடாமல் பாட்டைக் கட்டியது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிள்ளைகள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானவை இங்கேதான் இருக்கின்றன.

பதிவு முழுக்கத் தகரக் கூரையில் மழை. முதலில் மழையை எடுத்துவிடப் பார்த்தோம். மழைச் சத்தம் கீழ் அலைவரிசையிலிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் பரவியிருக்கும். குரலின் மெய்யெழுத்துகள் இருக்கும் இடத்திலும் அதுதான் இருக்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டதும் மழையோடு சேர்ந்து 'ச'வும் 'ற'வும் கரைந்துபோய், அம்மாயி தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டது. மழையை அப்படியே விட்டோம். கீழே உறுமிய பகுதியை மட்டும் கொஞ்சம் குறைத்தோம்.

அடுத்தது சுருதி. அம்மாயி எந்தச் சுருதிப்பெட்டியையும் வைத்துப் பாடவில்லை. அவர் நின்ற இடம் கிட்டாரின் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அதோடு, அழுகை ஏற ஏறச் சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. ஆட்டோடியூன் போட்டுக் குரலை நேராக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. போட்டுக் கேட்டோம். சுருதி சரியாக இருந்தது, அழுகை காணாமல் போயிருந்தது. உடனே அதைக் கழற்றினோம்.

பேரன்தான் வழி சொன்னார்: "அம்மாயி எங்க நிக்கிறாங்களோ அங்க நாம போவோம்." குழு உள்ளே வருவது ஒப்பாரியின் கடைசி வரிகளில் என்பதால், அவர் முடிக்கும் இடத்தின் சுருதியை அளந்தோம். வழக்கமான சுருதியைவிட ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே இருந்தது. இரண்டு கிட்டாரையும் பேஸையும் அந்த அளவுக்கு இறக்கிக் கட்டினார்கள். பாட்டு முழுக்க அதே சுருதிதான். மேடையில் வாசிக்கும்போதும் இந்தப் பாட்டுக்கு மட்டும் தந்திகளை இறக்கிக்கொள்கிறார்கள். வேறு பாட்டோடு சேர்த்து வாசிப்பது சிரமம்தான், இருந்தும் செய்கிறார்கள்.

தாளத்திலும் இதே சிக்கல். ஒப்பாரியில் வரிகள் ஒரே நீளத்தில் இருக்காது. மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வரி முடியும். கிளிக், அதாவது தாளத்துக்காக ஹெட்போனில் ஒரே சீராக ஒலிக்கும் டிக் டிக் சத்தம், வைத்து எடுத்தால் குரலை இழுத்தோ வெட்டியோதான் பொருத்த முடியும். டிரம்மர் கிளிக் வேண்டாம் என்றார். அம்மாயியின் குரலை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, அவர் மூச்சு இழுக்கும் இடங்களை மனப்பாடம் செய்துகொண்டார். கடைசி நான்கு வரிகளுக்குக் கீழே டிரம்ஸில் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாம் மட்டும் திஸ்ர நடையில், மூன்று மூன்றாக, மெதுவாக வரும். குரல் முடிந்த பிறகுதான் கிளிக் தொடங்கி முழுக்குழுவும் இறங்கும். நாடுகாணி கணவாய் இறங்கிப்போய்க் கோழிக்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் டிரம்ஸ் எடுத்தோம். அங்கிருந்த பொறியாளர் கிளிக் இல்லாமல் எடுக்கத் தயங்கினார். முதல் முறை வாசித்ததைக் கேட்டதும் அவரே அந்த யோசனையை விட்டுவிட்டார்.

கிட்டாரை வீட்டிலேயே எடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. மின்சாரத்தின் 50 சைக்கிள் முனகல் எல்லா டேக்கிலும் ஏறியது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் முனகல் பெரும்பாலும் போய்விட்டது. மின்சார வசதி குறைந்த இடங்களில் பதிவு செய்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

மிக்ஸிங்கில் ஒப்பாரியின் ஒலியளவை ஏற்றவில்லை. ஸ்ட்ரீமிங் தளங்கள் பொதுவாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிப் பாட்டைச் சமப்படுத்தும். எல்லாவற்றையும் ஒரே சத்தமாக அழுத்தி எந்தப் பயனும் இல்லை. தொடக்கம் தாழ்வாகவும் குழு இறங்கும் இடம் பெரிதாகவும் இருக்கட்டும் என்று விட்டேன்.

வெளியிடும்போது எடுத்த முடிவுகள்

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் பாட்டு வெளிவந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவத்தை ஒரே இரவில் நிரப்பினார்கள். அதில் நான்கு முடிவுகள் பின்னால் விஷயமாயின.

கலைஞர் பெயர் கேட்ட இடத்தில் குழுவின் பெயரை மட்டும் போட்டார்கள். அம்மாயியைக் கேட்டதற்கு "எம் பேரெல்லாம் எதுக்குப்பா" என்றிருக்கிறார். அதோடு, இன்னொரு கலைஞர் பெயர் சேர்த்தால் அவருக்குத் தனிப் பக்கம் திறக்க வேண்டும், அதில் தாமதமாகும் என்ற யோசனையும் இருந்தது. வீடியோவின் கடைசியில் நன்றி என்று போட்டார்கள், அவ்வளவுதான்.

குறும்வீடியோக்களில் பாட்டு எந்த நொடியிலிருந்து ஒலிக்க வேண்டும் என்று படிவம் கேட்டது. தொடக்கத்திலிருந்தே என்று கொடுத்தார்கள். மனதைப் பிடிக்கும் இடம் அதுதான் என்பது அவர்களுடைய கணக்கு. வீடியோ தளங்களில் பிறர் பாட்டை எடுத்துப் போட்டால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டுக்குக் கூடுதல் கட்டணம் என்றதால் அதை விட்டார்கள். நான்காவதாக, முடிந்த பாட்டை அம்மாயிக்குப் போட்டுக் காட்டினார்கள், ஆனால் ஒரு ஹெட்போனை மாட்டி. அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "காது அடைக்குதுடா" என்று கழற்றிவிட்டார். மகனுக்கும் மகளுக்கும் யாரும் போட்டுக் காட்டவில்லை.

பாட்டு ஊருக்குள் போனபோது

முதல் சில வாரங்கள் ஸ்ட்ரீமிங்கில் பெரிதாக எதுவும் இல்லை. ஊருக்குள்தான் பாட்டு ஓடியது. பாடுபவர் வேலை பார்த்த கடையிலிருந்து ப்ளூடூத்தில் ஜீப் டிரைவர்களுக்குப் போய், ஜீப்பிலிருந்து காலனிகளுக்குப் போனது. கொழுந்து எடை போடும் இடத்தில் போட்டார்கள். அங்கே சில அம்மாமார்கள் ஒப்பாரி முடிந்ததும், "முதல்ல இருந்து போடு" என்றார்களாம்.

வயதானவர்களுக்கு முறுக்கிய கிட்டார் சத்தம் பிடிக்காது என்றுதான் குழு பயந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட அதைக் குறை சொல்லவில்லை. அம்மாயி வயதுடைய ஒருவர், குழு இறங்கும் இடத்தைக் கேட்டுவிட்டு, "எழவு வீட்டுல தப்பு அடிக்கிற மாதிரிதான இருக்கு, சரியாத்தான் இருக்கு" என்றார். ராக் இசை பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. அழுகைக்குப் பிறகு பெரும் சத்தம் வர வேண்டும் என்பது இந்த மக்களுக்குப் புதிதே இல்லை.

ஒப்பாரி தனியாகப் போனபோது

சில வாரங்களில் யாரோ முதல் பகுதியை மட்டும் வெட்டி, பனிமூட்டக் காட்சி ஒன்றின் கீழே போட்டார்கள். வெட்டியவருடைய கணக்கின் பெயரில் அது தனி ஒலியாகப் பதிவானது. குழுவின் பெயர் எங்குமே இல்லை. அதன்பின் அந்த ஒலி வேகமாகப் பரவியது. தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகள், பைக்கில் மலை ஏறும் பையன்கள், கல்யாணப் படக்காரர்கள் என்று பலர் அதைப் பயன்படுத்தினார்கள். மலையில் உள்ள ஒரு தங்கும் விடுதி தன் அறைகளைக் காட்டும் விளம்பர வீடியோவுக்கும் அதையே போட்டது.

முதலில் குழுவுக்குச் சந்தோஷம்தான். நம் பாட்டு பரவுகிறது என்று நினைத்தார்கள். ஆனால் சிங்கிள் அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை என்பது எண்ணிக்கையில் தெரிந்தது. பரவியது ஒப்பாரி மட்டும்.

விடுதியின் வீடியோ அட்டன் வரை போனது. அங்கே தங்கையின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். தங்கள் அம்மாயியின் பெயர், எஸ்டேட் பெயரோடு, ஒப்பாரியில். அந்தத் தங்கை உயிரோடு இருக்கிறார். அப்போது உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். அவருடைய மகன் பந்தலூருக்குப் போன் போட்டு, "எங்க அம்மா உயிரோட இருக்கையில அவங்க பேரைச் சொல்லி ஒப்பாரி வச்சு ஊரெல்லாம் கேக்க விட்டிருக்கீங்களே" என்று அழுதுவிட்டார்.

தாய்மாமா அன்றைக்கே குழுவைத் தேடி வந்தார். அவர் கத்தவில்லை. விடுதியின் வீடியோவைத் தன் போனில் காட்டி ஒன்றுதான் கேட்டார்: "எங்கம்மா அழுகுறத வச்சு ரூம் வாடகைக்கு விடுறாங்க. இதுக்கா அது 'போட்டுக்க'ன்னு சொல்லுச்சு?"

அந்தக் கேள்விக்குக் குழுவிடம் பதில் இல்லை.

வீட்டில் நடந்த பேச்சு

அந்த வாரக் கடைசியில் அம்மாயியின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். போவதற்கு முன் குழு தங்களுக்குள் பேசியதில் இரண்டு கருத்து இருந்தது. பாடுபவர், வெட்டியவர்கள்மேல் புகார் கொடுத்தால் போதும், பாட்டைத் தொட வேண்டாம் என்றார். பேரன், பாட்டை முதலில் இறக்கிவிட்டுத்தான் அந்த வீட்டுப் படி ஏற வேண்டும் என்றார். இறக்கினார்கள். வெளியிட்ட தளங்களில் சில நாட்களில் பாட்டு மறைந்தது. குடும்பம் அவர்களை உட்காரவைத்துப் பேசியதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஒரு சிறிய ஸ்பீக்கரில், எல்லார் முன்னாலும், முழுப் பாட்டையும் போட்டோம். அப்புறம் விடுதியின் வீடியோவையும் காட்டினோம். அம்மாயி அதை இரண்டு முறை போடச் சொன்னார். அவர் வருத்தப்பட்டது விடுதிக்காக இல்லை. "என் தங்கச்சி பேர அவங்க ஏன் கூப்பிடுறாங்க?" என்றார். வீட்டுக்குள் தன் வாயால் கூப்பிட்ட பெயர், யாரென்றே தெரியாதவர்களின் படங்களுக்குக் கீழே ஒலிப்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

அங்கிருந்தே அட்டனுக்கு வீடியோ அழைப்பு போட்டார்கள். படுக்கையில் இருந்த தங்கை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவ என்னைய நெனச்சு அழுதா உங்களுக்கு என்னடா?" என்று தன் மகனைத்தான் கடிந்துகொண்டார். கோச்சி ஏறிய தலைமுறைக்கு அது அபசகுனமாகத் தெரியவில்லை. மகனுக்கு ஆறவில்லை. அம்மா படுத்திருக்கும் நேரத்தில் இப்படி ஒன்று காதில் விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் ஆறாது. தங்கையே சம்மதித்துவிட்டாரே என்று குழு அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பேரன் அப்படிச் செய்யவில்லை. "பேரை எடுத்துடுறோம் மாமா" என்று திரையில் தெரிந்த மனிதரிடம் நேரடியாகச் சொன்னார். அது சரியான முடிவு என்றே நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அங்கே பேசினோம். பழைய ஒப்பாரி மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைப் பாடியவருக்கு உரிமை உண்டு. இந்தியக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957இன் 38, 38ஏ, 38பி பிரிவுகள் பாடுபவர், வாசிப்பவர் போன்ற நிகழ்த்துநர்களின் உரிமையைச் சொல்கின்றன. பதிவைப் படியெடுக்க, பொதுவில் பரப்ப அவருடைய சம்மதம் வேண்டும். நிகழ்த்தியவர் தான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். அம்மாயி தானாகக் கட்டிய வரிகள் இருந்தால் அவற்றுக்கு எழுத்தாளருக்குரிய காப்புரிமையும் சேரும். மாமா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே கேட்டிருப்பீங்களா?" என்றார் கடைசியில்.

இரண்டாவது பதிப்பு

பெயர் வரும் வரி, ஃப்ளோர் டாம் உள்ளே வரும் நான்கு வரிகளில் இரண்டாவது. அதை வெட்டினால் டிரம்மர் மனப்பாடம் செய்த மூச்சுக் கணக்கு முழுக்கக் குலையும். பெயர் இல்லாமல் மறுபடி பாட முடியுமா என்று அம்மாயியைக் கேட்டோம். "அழுகை வந்தாத்தான் வரும், நீ கேட்டா வருமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

முழு வரியை எடுக்காமல், பெயரும் எஸ்டேட் பெயரும் ஒலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தோம். மழை இதில் பெரிய உதவியாக இருந்தது. அதே பதிவில் குரல் இல்லாத ஓர் இடத்திலிருந்து மழையை எடுத்து, இரண்டு முனையிலும் மெல்லக் கலந்து ஒட்டினால் வெட்டு காதுக்குத் தெரியாது. இப்போது அந்த இடத்தில் மழையும் டாமும் மட்டும் கேட்கும்; பின் அவர் வரியின் மிச்சத்தை முடிப்பார். தொடக்கத்தில் மழையை மட்டும் தனியாக விட்டிருந்த இடத்தில் பேஸை மெல்லியதாக ஓட்டினோம், யாராவது வெட்டி எடுத்தாலும் அது குழுவின் பாட்டு என்று கேட்பவருக்குத் தெரியும்படி.

ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டது. அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. மாமா சத்தமாக வாசித்துக் காட்டினார். பாடியவர் என்று அவர் பெயர் குழுவின் பெயரோடு வர வேண்டும். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. ஒப்பாரியை மட்டும் தனியாக யாருக்கும் தரக்கூடாது. குறும்வீடியோவுக்குக் கொடுக்கும் பகுதி, குழு முழுதாக இறங்கிய பிறகு வரும் இடமாக இருக்க வேண்டும். அவர் எப்போது வேண்டாம் என்றாலும் ஒப்பாரி இல்லாத பதிப்பைப் போட வேண்டும். கடைசி வாக்கியத்தைச் சேர்த்தது அம்மாயியே. பங்கு வேண்டாம் என்று அவர் மறுத்தார். மகள்தான், "வேணுமோ வேணாமோ, எழுதி இருக்கட்டும்மா" என்றார்.

ஒலி மாறிவிட்டதால் பாட்டுக்குப் புது ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) வாங்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புக்குக் கிடைத்த எண்ணிக்கை எதுவும் புதியதற்கு வராது. குழு அதற்குத் தயாராகவே இருந்தது.

என்ன ஆனது

விடுதிக்குக் குழு போன் செய்து, பின் கடிதமும் அனுப்பியது. அந்த வீடியோவை அவர்கள் எடுத்துவிட்டார்கள். வெட்டப்பட்ட ஒலியின் மேல் தளத்தின் காப்புரிமைப் படிவத்தில் புகார் கொடுத்ததும் மூல ஒலி போனது. அதைப் பயன்படுத்திய பல வீடியோக்களில் சத்தம் நின்றது. தனித்தனியாக இறக்கி மறுபடி ஏற்றியவர்களுடையது இன்னும் கிடக்கிறது. அதை முழுமையாகத் துடைக்க யாராலும் முடியாது. அட்டன் குடும்பத்திடமும் இதை மறைக்காமல் சொன்னார்கள்.

இரண்டாவது பதிப்பு முதலாவதைவிட மெதுவாகப் போனது. முதல் பதிப்பைப் பழகியவர்களில் சிலர், பெயர் இல்லாத இடம் வெறுமையாக இருக்கிறது என்றார்கள். பாடுபவரும் இன்றுவரை அதே கருத்தில்தான் இருக்கிறார்; குழுவுக்குள் அது சண்டையாகவில்லை. ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து, பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. அந்த எல்லையைப் பாட்டு தாண்டியது. இருந்தும் இதுவரை வந்த தொகை, விநியோகக் கட்டணத்துக்கே போதவில்லை. கச்சேரி அழைப்புகள்தான் கூடின. காலனியின் மாரியம்மன் திருவிழாவில் வாசித்தபோது ஒப்பாரியை ஒலிக்கவிடவில்லை. மேடையில் ஒலிக்கலாமா என்பது ஒப்பந்தத்தில் இல்லை. கேட்காமல் செய்ய வேண்டாம் என்று கிட்டாரில் அந்த மெட்டை வாசித்தார்கள். அதற்கும் கீழே இருந்தவர்கள் அழுதார்கள்.

தங்கைக்கு உடம்பு தேறிவிட்டது. இரண்டு வீடும் இப்போது முன்பைவிட அடிக்கடி பேசிக்கொள்கின்றன.

அடுத்த முறை என்ன மாறும்

குழுவோடு உட்கார்ந்து பேசியதில் வந்தவை இவை. வீட்டுக்குள் பாடும் ஒருவரிடம் "போட்டுக்கவா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே ஒலிக்கும், யார் கேட்பார்கள், எந்தத் துண்டை யார் வேண்டுமானாலும் எடுக்க முடியும் என்பதைப் போனில் உதாரணம் காட்டிச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டுவதைப் போட்டுக் காட்டியதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வீட்டில் ஸ்பீக்கரில், பிள்ளைகளும் இருக்கும்போது, முழுதாகக் கேட்க வேண்டும்.

பாட்டில் பெயர்கள் வந்தால், அந்தப் பெயருக்குரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பது முதல் வேலை. மலையகக் குடும்பங்களில் அவர்கள் பெரும்பாலும் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். பாடியவர் பெயர் வேண்டாம் என்றால் அது பெருந்தன்மையாகவும் இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம். ஒரு மாதம் விட்டு இன்னொரு முறை கேட்பது நல்லது. வெளியீட்டுத் தேதியை இவை எல்லாம் முடிந்த பிறகே குறிக்க வேண்டும். தளங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் குறைந்தது ஒரு வாரம் முன்னால் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்பதால், அவசரத்தால் எந்த லாபமும் இல்லை.

மாறக் கூடாதது என்று நான் நினைப்பது, குரலின் சுருதிக்கும் மூச்சுக்கும் குழு இறங்கிப் போனது. அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகளிடம் இன்னும் நிறைய எதிர்பார்க்கலாம்.

அடுத்த பாட்டுக்கு டிரம்மரின் உம்மும்மா (பாட்டி) பாடும் ஒரு பழைய மாப்பிளப் பாட்டு, அதாவது கேரள முஸ்லிம்களின் நாட்டுப்பாட்டு, வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இந்த முறை போனை எடுக்கவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய், அம்மாயியின் பாட்டை இரண்டு பதிப்பாகவும் போட்டுக் காட்டி, நடந்ததையும் சொன்னார்கள். மகள்கள் மூன்று பேரையும் கேட்டுவிட்டுச் சொல்வதாக உம்மும்மா சொல்லியிருக்கிறார். ஒரு மகள் துபாயில் இருக்கிறார். அவர் விடுமுறைக்கு வரும்வரை டிரம்ஸ் பதிவைத் தள்ளி வைத்திருக்கிறோம்.